நீட்டிய கையில் விழுந்த காப்பு

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. போன வருஷம், ஆனி மாசக் கடைசி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி, வடக்கனந்தல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் ஒரு கரகம் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் புடவை கட்டிய பெண் ஒருத்தி தலையில் கரகத்தோடு நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. அவள் தலையிலும் ஒன்றும் இல்லை, கையிலும் ஒன்றும் இல்லை. சும்மா கூட நடந்தாள். கரகக்காரி வேகம் எடுத்தால் இவளும் எடுத்தாள். அவள் தயங்கினால் இவளும் தயங்கினாள். அவ்வளவுதான் அவள் வேலை.

ஆட்டோக்காரர் அலுத்துக்கொண்டார். நான் மட்டும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா கரகத்துக்கே கூட வர ஓர் ஆள் வேண்டியிருக்கிறது! அப்படியிருக்க என் பொண்ணுக்கு ஓர் ஆள் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லிவிடுவாள்? மடியில் இருந்த காய்கறிப் பையோடு சேர்த்து அங்கேயே கையைக் கூப்பினேன்.

"தாயே, என் யாழினி கூட ஓட ஓர் ஆளை அனுப்பு. இந்த ஆடிக்கு அவள் உனக்கு முதல் தண்ணி கொண்டுவருவாள்."

வேண்டுதல் இவ்வளவுதான். ஆத்தாளை நம்பி வாழும் உங்கள் எல்லோரிடமும் இதற்கு என்ன பதில் வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான்.

என் பெயர் ரேவதி. எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் ஓட்டக்காரி. ஆயிரத்து ஐநூறு மீட்டர். கடைசிச் சுற்றில் எல்லோரும் பல்லைக் கடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அவ்வளவு பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் ஓடாதே என்று சொல்லவில்லை. மாடு, கழனி, குழந்தை, டியூஷன் என்று நாள் தானாக நிறைந்துவிட்டது. குழந்தை வளரட்டும், அப்புறம் ஓடலாம் என்றிருந்தேன்.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் கால் உடைந்தது. ஸ்கூட்டியில் போகும்போது கரும்பு லாரிக்கு வழி விட்டு ஒதுங்கினேன். மழை பெய்து சேறாகிக் கிடந்த ஓரம். வண்டி என் மேல் விழுந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். பல மாதம் படுக்கை. பிறகு வாக்கர். பிறகு சுவர். எழுந்து நடந்தபோது வலது கெண்டைக்கால் இடதில் பாதியாக மெலிந்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். நடக்க முடிகிறதே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. ஒரு இடத்தில் உட்காரத் தெரியாதவளை நாற்காலியில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? எரிந்து விழுந்தேன். பிள்ளைகளிடம், மாட்டிடம், வீட்டுக்காரரிடம். இனி ஓட்டம் என்கிற பேச்சே இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் யாழினி ஓட ஆரம்பித்தாள். அப்போது ஆறாவது. பள்ளி விளையாட்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பெண்களைத் தாண்டி ஓடியிருக்கிறாள். பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்தப் பொண்ணுக்கு மூச்சு நல்லா தாங்குது. டெய்லி காலைல ஓட வைங்க. ஒரு வருஷத்துல பாருங்க," என்றார். வீடு வரும்வரை எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் முருகவேல். மரவள்ளியும் கரும்பும் போடுகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பயந்த மனுஷர். எனக்கு ஆன விபத்துக்குப் பிறகு ரோடு என்றாலே அவருக்கு ஆகாது.

"தனியா அனுப்ப முடியாது ரேவதி. விடியக்காலைல கரும்பு லாரிங்க போய்க்கினும் வந்துக்கினும் இருக்குது. நாயிங்க வேற. கூட யாரானா போனா போவட்டும். இல்லன்னா வேணாம், வுட்டுடச் சொல்லு."

"நீங்க போகக் கூடாதா?"

"நான் போனா மாட்ட யாரு கறக்கறது? சொசைட்டிக்குப் பால யாரு ஊத்தறது? நீ ஊத்துவியா, அந்தக் கால வெச்சிக்கினு?"

நியாயம்தான். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கேட்டேன். அவளுக்குக் காலை ஆறு மணி பஸ். அவள் தம்பியைக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். ஒருவரும் கிடைக்கவில்லை. யாழினி வாசலிலேயே சுற்றிச் சுற்றி ஓடினாள். கோழிக் கூண்டுக்கும் மோட்டார் பைக்குக்கும் நடுவில். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஆட்டோவில் நான் வேண்டிக்கொண்டது அந்த வயிற்றெரிச்சலில்தான்.

முதல் தண்ணி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இது எங்கள் தெரு மாரியம்மனுக்கு மட்டும் உள்ள வழக்கம். பக்கத்துத் தெருவில்கூடக் கிடையாது. ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று கொப்பரையில் விழும் முதல் செம்புத் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. கோமுகி ஆற்று மணலைத் தோண்டி, ஊற்றெடுத்த தண்ணீரை, வாயில் வேப்பிலை கட்டிய பித்தளைச் செம்பில் மொண்டு, ஒருவர் ஓட்டமாகக் கொண்டுவர வேண்டும். மூன்று மைலுக்குக் கொஞ்சம் கம்மி. நடுவில் நிற்கக் கூடாது. செம்பைக் கீழே வைக்கக் கூடாது. ஆத்தா வெக்கை தாங்காமல் தண்ணீர் கேட்கிறாளாம். தாகத்தோடு இருப்பவளுக்கு நடந்தா கொண்டுபோவார்கள்? கூட ஓட சொந்த ரத்தத்தில் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இளசுகள்தான் வேண்டிக்கொள்வார்கள். செம்பைச் சுமப்பவர் ஆடி பிறந்ததுமே காப்புக் கட்டிக்கொண்டு, ஆடிக் கடைசியில் கூழ் ஊற்றும்வரை விரதம் இருக்க வேண்டும். அந்த வருஷம் யாழினி என்று பூசாரியிடம் சொல்லிவைத்தேன்.

காப்புக் கட்டும் சாயங்காலம். கோயில் வாசலில் நிற்க இடமில்லை. பம்பை அடிக்கிற அடியில் காது அடைத்துவிட்டது. காப்புக்கு வந்தவர்கள் வரிசையாக வலது கையை நீட்ட, பூசாரி சின்னதம்பி முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் கட்டிக்கொண்டே வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். ஆத்தா உத்தரவு வந்த நேரத்தில் ஆள் பார்த்துக் கட்டக் கூடாது என்பார். எங்கள் முறை நெருங்கியது. என் கையில் தாம்பாளம். தேங்காய், பழம், கற்பூரம். எனக்குத்தான் சும்மா நிற்கத் தெரியாதே. யாழினியின் தலையில் பூ சரிந்திருந்தது. "இத புடிடி," என்று தாம்பாளத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் பூவைச் சரி செய்தேன். செய்து முடித்துப் பார்த்தால் பூசாரி எங்கள் எதிரில். ஐயோ, இவள் இரண்டு கையிலும் தாம்பாளத்தோடு நிற்கிறாளே என்று அதை வாங்கிக்கொள்ளச் சட்டென்று கையை நீட்டினேன்.

வலது கையை.

மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு. மூன்று முடிச்சு. கண் மூடித் திறப்பதற்குள் என் மணிக்கட்டில்.

"பூசாரி! எனக்கில்ல, எம் பொண்ணுக்கு!" என்று கத்தினேன். பம்பை நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். பூசாரி அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஒரு நொடி திக்கென்றுதான் ஆகியிருக்கும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"நீட்டுன கைக்குக் கட்டனேன்."

"தட்ட வாங்கறதுக்கு நீட்டனேங்க!"

"எதுக்கு நீட்டனன்னு அவளுக்குத் தெரியும். கட்டனத அவுக்கற வழக்கம் இங்க இல்ல, தாயி."

என் வீட்டுக்காரரின் அக்கா சரோஜா அண்ணி கூட்டத்தில் நின்றிருந்தார். வாய் சும்மா இருக்குமா? "நல்லா இருக்குதே கூத்து! வூட்டு வாசப்படி ஏற சுவத்தப் புடிக்கறா. இவ ஆத்துல இருந்து ஓடியாறப் போறாளாம். கூழு இந்த ஆடிக்கா, அடுத்த ஆடிக்கா?" என்றார். கூட்டமே சிரித்தது. உண்மையைச் சொன்னால் யாழினியும் சிரித்தாள். நான் மட்டும் அம்மனைப் பார்த்தேன். நான் கேட்டது ஆள். நீ இதைக் கட்டிவிட்டாயே என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

"ஓட முடியலன்னா நடக்கலாமா?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"நிக்கக் கூடாது. கீழ வெக்கக் கூடாது. நடக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லல," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா நடந்து வந்தவங்கள நான் பாத்ததில்ல," என்றார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கோபம் இல்லை, பயம். "காப்ப அவுக்க முடியாது, சரி. நடந்தே வா. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தக் காலு மறுபடி ஏதானா ஆச்சுன்னா, இந்த வூட்ல ஓட்டம்ங்கிற பேச்சே கூடாது. உனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல." யாழினியின் முகம் வாடிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி என் கால் மட்டும் இல்லை இது. என் பொண்ணின் ஓட்டமும் இந்தக் காலில்தான் நிற்கிறது.

மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போய் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்தேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் வெறுங்காலுமாகப் போய் நின்றவளை அவர் விநோதமாகப் பார்த்தார். படம் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பு நல்லா கூடியாச்சும்மா. எப்பவோ கூடியாச்சு."

"அப்போ ஓடலாமா சார்?"

"ஓடக் கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. கூடாது என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் கேள்வியையே விழுங்கிக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்! அவர் சொன்னது இதுதான்: கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், மெதுவாகக் கூட்டு, வீங்கினாலோ குத்தினாலோ நிறுத்திவிட்டு வந்து காட்டு. திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த விடியலில் யாழினியும் நானும் வாய்க்கால் கரைக்குப் போனோம். ரோடு இல்லை, மண் பாதை. லாரி வராது. காப்புக் கட்டியவள் செருப்புப் போடக் கூடாது, அதனால் அவளும் ஷூவைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தாள். நான் சொல்லவே இல்லை. ஓட ஆரம்பித்தேன். பழைய நினைப்பில் காலை வீசிப் போட்டேன். பத்து எட்டு கூடப் போகவில்லை, கீழ்க்கால் சுரீர் என்றது. நின்று நடந்தேன். மறுபடி ஓடினேன். மறுபடி சுரீர்.

"மா, நீ இன்னா பஸ்ஸா புடிக்கப் போற?" என்றாள் பக்கத்தில் வந்தவள்.

"மெதுவாதாண்டி ஓடறேன்."

"நாளைக்குச் சொம்ப எடுத்துக்கினு வா. இன்னாருந்தாலும் அதோடதான ஓடணும்."

மறுநாள் செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடினேன். முதலில் இடுப்பில் வைத்தேன். பாதித் தண்ணீர் சுடிதாரில். பிறகு குழந்தையை அணைக்கிற மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அப்படியும் ஒவ்வோர் அடிக்கும் தெறித்தது. யாழினி என் காலைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"பெருசா தாண்டற, அதான் சிந்துது. சின்ன சின்னதா வெய் மா. முட்டிய தூக்காத. கோழி ஓடற மாரி ஓடு."

"கோழியா! நான் யாருன்னு தெரியுமாடி, யூனிவர்சிட்டி வரைக்கும்..."

"தெரியும் தெரியும். தண்ணிய பாரு."

வெட்கத்தை விட்டுக் கோழி மாதிரி ஓடினேன். அடி சின்னதானது. செம்பு ஆடுவது நின்றது. தண்ணீர் தளும்பாமல் நின்றபோதுதான் கவனித்தேன், காலில் வலியும் இல்லை! நான் இயற்பியல்காரி, கணக்கு உடனே புரிந்தது. பாதம் உடம்புக்கு முன்னால் எட்டிப் போய் ஊன்றினால் இடி முழுவதும் எலும்பில் ஏறும். உடம்புக்கு அடியிலேயே ஊன்றினால் ஏறாது. பிள்ளைகளுக்குப் பலகையில் படம் போட்டு விளக்குகிற விஷயம். ஆனால் அதை என் காலுக்குச் சொல்லித்தர ஒரு செம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. நான் வெறுங்கையோடு ஓடியிருந்தால் பழைய பாய்ச்சலிலேயே ஓடி, ஒரே வாரத்தில் காலைக் கெடுத்துக்கொண்டு படுத்திருப்பேன். செம்பைக் கையில் கொடுத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

ஊரில் எல்லோருக்கும் நாங்கள்தான் வேடிக்கை. பால் கேன் கட்டிய பைக்கில் போகிறவர், "இன்னா டீச்சர், தண்ணி புடிக்க அவ்ளோ தூரமா? தெருக் கொழாய்ல வரலியா?" என்பார். சரோஜா அண்ணி தினமும் களத்தில் நின்று பார்ப்பார். "கோழி வருது, கோழி வருது" என்று கூப்பாடு போடுவார். யாழினிதான் அந்தப் பேரை அவரிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், துரோகி.

நடுவில் ஒரு நாள் கால் லேசாக வீங்கியது. ஓடவில்லை, உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்குப் பழைய இருட்டு மனசுக்குள் வந்துவிட்டது. தப்பான கையில்தான் காப்பு விழுந்துவிட்டது தாயே, என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாழினி போனில் அவள் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"பி.டி. சார் கேட்டா சொல்லுடி, நான் டெய்லி ஓடறேன்னு. தனியா இல்ல. எனக்கு ஆளு கெடச்சிட்டாங்க. எங்கம்மாதான்."

ஒத்தடத் துணி கையிலிருந்து விழுந்தது. ஆட்டோவில் நான் கேட்டது என்ன? என் யாழினி கூட ஓட ஓர் ஆள். அந்த ஆள் வந்து எத்தனையோ விடியல் ஆகிவிட்டது. இரண்டு தெரு தள்ளித் தேடினேன், கல்லூரிப் பெண்ணிடம் கேட்டேன், அவள் தம்பியிடம் கேட்டேன். ஆத்தா நேராக வந்து என் கையைப் பிடித்துக் கட்டியிருக்கிறாள். நான் என்னடாவென்றால் எனக்கில்லை எனக்கில்லை என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். மறுநாள் வீக்கம் வற்றியிருந்தது.

கூழ் ஊற்றும் நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் குளித்து, மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாழினியோடு ஆற்றில் நின்றேன். பூசாரி மணலைத் தோண்டினார். முதலில் கலங்கல். பிறகு கண்ணாடி மாதிரி ஊறி வந்தது தண்ணீர். செம்பில் மொண்டு, வேப்பிலை கட்டி, என் நெஞ்சில் சேர்த்து வைத்தார். "போ தாயி. திரும்பிப் பாக்காத." அவர் பைக்கில் கோயிலுக்குப் போய்விட்டார்.

ஓடினோம். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. பின்னால் மலை, மேலே மேகம். ஆடிக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிய மாதிரி இருந்தது. யாழினி என் இடது பக்கம், தோளுக்குத் தோள் வராத உயரம், என் அடிக்கு அவள் அடி. பாதி தூரம் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி ஏற்றம் வந்தது. அங்கேதான் மூச்சு போனது. புடவை ஈரத்தில் காலைச் சுற்றியது. கை மரத்தது. வலது காலில் வலி இல்லை, ஆனால் வந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அடி பெரிதாகிறது. தண்ணீர் தெறித்தது.

"யாழி, நீ வாங்கிக்கடி. சொந்த ரத்தம்தான, நீ கொண்டாந்தாலும் ஒண்ணுதான்."

"வாங்க மாட்டேன்."

"என்னால முடியலடி!"

"முடியலன்னா இவ்ளோ பேச்சு எங்கருந்து வருது? பேசாம ஓடு மா."

பன்னிரண்டு வயசு ஆகாத பெண். அவள் கையை நீட்டவே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினாள், கடன்காரி! வாய்விட்டுக் கூப்பிட்டேன். "ஆத்தா, நீயே கட்டன. நீயே கொண்டு போ."

ஏற்றத்தின் உச்சியில் ஒரு மோட்டார் கொட்டாய். அங்கே பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். காப்புக்காரர் வருகிற வழியில் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். முதல் ஆளாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தவர் யார் தெரியுமா? சரோஜா அண்ணி. நான் நிற்கக் கூடாதே, அதனால் அவரும் என் கூடவே ஓடிக்கொண்டே ஊற்றினார். பாதி என் காலில், பாதி யாழினி தலையில்.

"ஓடுடி எங்கோழி! நிக்காத! வூட்டுச் சொவரு ஒண்ணும் இங்க இல்ல, புடிக்கறதுக்கு!"

"ஓம் சக்தி! பராசக்தி!" என்று கொட்டாய் முழுக்கச் சத்தம். அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறி உச்சந்தலைவரை போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலேஜ் மைதானத்தில் கடைசிச் சுற்றில் வருமே, அதே சிரிப்பு. எத்தனை வருஷம் கழித்து! அதற்குப் பிறகு இறக்கம். சின்னச் சின்ன அடி. செம்பு ஆடவில்லை.

கோயில் வாசலில் நுழைந்தால் பம்பைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொப்பரை தயார். அடுப்பில் விறகு அடுக்கியபடி இருக்கிறது. நெருப்பு இல்லை. அந்த வருஷம் அடுப்பு மூட்டும் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. நடந்துதானே வருவாள், வெயில் ஏறிவிடும் என்று அவர் நிதானமாகத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா முருகவேலு!" என்று பூசாரி போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. "தண்ணி வந்துடுச்சு, அடுப்பு எங்கடா?"

அவர் திரும்பினார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் ஓடி அவர் பார்த்ததே இல்லை. வாய் திறந்தபடி நின்றார். செம்பை யார் வாங்குவது, நெருப்பை யார் வைப்பது என்று ஒரே குழப்பம். சூடேறிய கொப்பரையில்தான் முதல் தண்ணி விழ வேண்டும், அதுவரை நான் நிற்கக் கூடாது என்று, யாழினியும் நானும் கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். பம்பை கூடவே அடித்தது. ஊரே சிரித்தது. முதல் தண்ணி கொப்பரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வருஷக் கூழ் கொஞ்சம் கட்டி தட்டிப் போனது. துழாவ வேண்டியவர் துடுப்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

காப்பு அவிழ்த்த மறுநாள் விடியலில் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர்தான் பால் கேனோடு வந்து எழுப்பினார். "இன்னா, இன்னும் படுத்துக்கினு இருக்கீங்க? காப்பு அவுத்தா ஓட்டமும் அவுந்துடுமா?"

அன்றிலிருந்து ஓடுகிறோம். வருஷம் ஒன்றாகப் போகிறது. கெண்டைக்கால் இரண்டும் ஒரே அளவாகிவிட்டன. நான் எரிந்து விழுவது கம்மியாகிவிட்டது என்று மாடுகூடச் சாட்சி சொல்லும். யாழினி பள்ளி அணியில் சேர்ந்துவிட்டாள். மோட்டார் கொட்டாயில் நின்ற பெண்களில் இரண்டு பேர் இப்போது எங்களோடு நடக்கிறார்கள். நடை கொஞ்ச நாளில் ஓட்டமாகும், பாருங்கள்.

உங்களுக்கும் ஏதோ ஒரு குறை இருக்கும். கால், பிள்ளை, வேலை, தனிமை, எதுவாகவும் இருக்கலாம். ஆத்தாளிடம் கேளுங்கள். கூச்சப்படாமல், ஆட்டோவில் உட்கார்ந்தும் கேளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடமும் கேளுங்கள். அவள் தரும்போது நாம் நினைத்த உருவத்தில் இருக்காது. தவறு நடந்துவிட்டது என்றுகூடத் தோன்றும். அவசரப்பட்டு அவிழ்த்துவிடாதீர்கள். எனக்கு அவள் கொடுத்ததை நான் ஒருநாளும் கேட்கத் துணிந்திருக்க மாட்டேன். அதனால்தானோ என்னவோ கேட்காமலேயே கொடுத்தாள்.

போன மாதம் நடந்த பள்ளிகளுக்கான போட்டியில் கல்வராயன் மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிப் பெண் யாழினியை முந்திவிட்டாள். ஓடி முடித்து மூச்சுகூட வாங்காமல், "எங்க ரோட்ல ஓடிப் பாரு, அப்போ தெரியும்," என்று சிரித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் பொண்ணுக்குத் தூக்கமில்லை. மழை விட்டதும் அடிவாரத்திலிருந்து வெள்ளிமலை போகும் ரோட்டில் ஓடி ஏறப் போகிறோம். முழுவதும் முடியுமா, தெரியாது. வீட்டுக்காரர் பைக்கில் தண்ணீர் கேனோடு பின்னால் வருகிறார். அவர் இரண்டாவது வளைவிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். கீழே நின்று பார்த்தால் ரோடு வளைந்து வளைந்து மேகத்துக்குள் போகிறது. மழை விட்ட மறுநாள் விடியலில் அதன் அடியில் போய் நிற்போம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"நிப்போமா? ஓடுவோம்னு எழுது மா," என்கிறாள் யாழினி, தோள் வழியாக எட்டிப் பார்த்து.

ஓடுவோம்.